‘இன்னொரு உன் தம்பியை என்னால் வளர்க்க முடியாது’

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு, எனக்கு வயது 36. திருமணமாகி ஏழு ஆண்டுகள் கழித்து உண்டான முதல் கர்ப்பம், இப்போது 15 வாரம். பன்னிரண்டாவது வார ஸ்கேனில் கழுத்துக்குப் பின்னால் நீர் சற்று அதிகம் என்றார்கள். அதன் பிறகு எடுத்த என்.ஐ.பி.டி. ரத்தப் பரிசோதனையில் டவுன் சிண்ட்ரோமுக்கு ‘ஹை ரிஸ்க்’ என்று வந்திருக்கிறது. வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் எங்கள் மருத்துவர். ஊசி போட்டால் கரு தங்காது என்று மாமியார் பயப்படுகிறார். ‘கலைக்கத்தானே போகிறோம், எதற்கு அந்த ஊசி? ஒரு நாள் வேலை, இந்த வாரமே முடித்துவிடலாம்’ என்கிறார் கணவர்.

என் தம்பிக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். 29 வயது. அம்மா அப்பாவுடன் இருக்கிறான். இரவு ஒன்பது மணிக்கு வாசல் கேட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். அதன் பிறகுதான் வீடு தூங்கும். ‘எல்லாம் உங்கள் வீட்டு ரத்தம்’ என்று மாமியார் சொல்லிவிட்டார். கணவர் நல்லவர். ஆனால் அன்று இரவு, ‘இன்னொரு உன் தம்பியை என்னால் வளர்க்க முடியாது’ என்றார்.

நான் உண்டாகியிருப்பது தம்பிக்குத் தெரியும். காது குத்தும்போது குழந்தை மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், அது தன் மடிதான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். இந்தக் கருவைக் கலைத்தால், நீ பிறந்திருக்கவே கூடாது என்று அவனிடம் சொல்வதாகாதா? பெண் சிசு என்று தெரிந்து கலைப்பது குற்றம் என்கிறோமே, இது மட்டும் எப்படிச் சரியாகும்? கலைக்காமல் விட்டால், பெற்றோர் காலத்துக்குப் பிறகு இரண்டு பேரையும் நான் எப்படிப் பார்ப்பேன்?

(பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் வந்த அன்று மாலையே நீங்கள் தந்த எண்ணில் பேசினேன். நாள் கணக்கில் நகரும் விஷயத்தை அச்சேறும் வரை காக்கவைப்பது முறையல்ல. ஊர், பெயர் நீக்கி எழுதச் சம்மதித்தீர்கள். தொலைபேசியில் அவசரமாகச் சொன்னவற்றை இங்கே நிதானமாகச் சொல்கிறேன். அன்று சொல்லத் தயங்கிய ஒன்றிரண்டும் இதில் உண்டு.

முதலில் ஊசி. உங்கள் கணவரும் மாமியாரும் நேரெதிர்க் காரணங்களைச் சொல்லி ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். என்.ஐ.பி.டி. என்பது உங்கள் ரத்தத்தில் மிதக்கும் நச்சுக்கொடியின் மரபணுத் துணுக்குகளை எண்ணிப் பார்க்கும் சோதனை. கருவை அது தொடுவதே இல்லை. நச்சுக்கொடியில் கோளாறு இருந்து கருவில் இல்லாமல் இருப்பது உண்டு. உங்கள் வயதில், அதுவும் ஸ்கேனில் ஏற்கெனவே அறிகுறி இருக்கும்போது, ‘ஹை ரிஸ்க்’ என்பது பெரும்பாலும் உண்மையாகத்தான் முடிகிறது. பெரும்பாலும் என்பது எப்போதும் ஆகாது. அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நல்ல மருத்துவரும் கருக்கலைப்புக்குத் தேதி குறிக்க மாட்டார். 16 வாரம் ஆனதும் பனிக்குட நீர் எடுக்கலாம். அந்த ஊசியால் கரு கலைவது 200இல் ஒன்று என்று முன்பு சொல்லிவந்தோம்; பழகிய கைகளில் அதைவிடக் குறைவு. விரைவுச் சோதனையின் முடிவு சில நாட்களிலேயே வந்துவிடும். செல்களை வளர்த்துப் பார்க்கும் முழுக் குரோமோசோம் அறிக்கைக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும்.

அந்த முழு அறிக்கையை அவசியம் கேட்டு வாங்குங்கள். ‘உங்கள் வீட்டு ரத்தம்’ என்ற பேச்சுக்கு அதில்தான் பதில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் 100க்கு 95 பேருக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாகத் தனித்தனியே இருக்கும். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது நேரும் பிரிவினைப் பிழை அது. யார் ரத்தமும் காரணமல்ல. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். 20 வயதுத் தாய்க்குச் சுமார் 1,500இல் ஒன்று, 35இல் சுமார் 350இல் ஒன்று. ஆனால் நூற்றில் மூன்று, நான்கு பேருக்கு அந்தக் கூடுதல் 21 வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வகை குடும்பத்தில் தொடரலாம். நீங்கள் எந்தக் குறையுமின்றி அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் அடுத்த கர்ப்பத்துக்கும் அது பொருந்தும்.

அறிக்கையில் ‘47, +21’ என்றிருந்தால் முதல் வகை. தம்பிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மாமியாரிடம் தாளைக் காட்டியே சொல்லலாம். மொத்தம் 46 என்று வந்து, ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தால் நீங்களும் கணவரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். 29 ஆண்டுகளுக்கு முன் தம்பிக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்திருந்தால் அந்தப் பழைய அறிக்கை உங்கள் அம்மாவின் பீரோவில் எங்காவது இருக்கும். தேடச் சொல்லுங்கள்.

அந்த அறிக்கையில் இன்னொன்றையும் கவனிப்பீர்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று காட்டும் எழுத்துகள் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். ஆய்வகத்துக்குத் தெரியும், அச்சிட மாட்டார்கள். காரணம், 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம். ஒரே ஊசி, ஒரே நீர்; ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் மூன்றாண்டு வரை சிறை, பக்கத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் சிகிச்சை. இது எப்படி நியாயம் என்பதுதானே உங்கள் கேள்வி? அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் தம்பி.

‘கலைத்தால் அவனை மறுப்பதாகாதா’ என்று கேட்பவர்களுக்கு மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. நானும் பல ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். முதுகுத்தண்டுக் குறை வராமலிருக்கக் கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறோம். அந்தக் குறையோடு வாழ்கிறவர்களை அது அவமதிப்பதாக யாரும் நினைப்பதில்லை, அதுபோலத்தான் இதுவும் என்பேன். ஒரு கூட்டத்தில் சக்கர நாற்காலியில் வந்திருந்த வழக்கறிஞர் ஒருவர் கையைத் தூக்கினார். ‘டாக்டர், மாத்திரை அதே குழந்தையை நலமாகப் பிறக்க வைக்கிறது. நீங்கள் சொல்லும் வழியில் அந்தக் குழந்தையே இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாகும்?’ என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றோடு அந்த மாத்திரைக் கதையை விட்டேன்.

உங்கள் கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. இங்கிலாந்தில் பொதுவாக 24 வாரம் வரைதான் கருக்கலைப்புக்கு அனுமதி. குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரக்கூடும் என்றால் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் கால வரம்பே இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஹைடி க்ரோட்டர் என்ற இளம்பெண், என்னைப் போன்றவர்களின் உயிர் மட்டமானது என்றுதானே இந்தச் சட்டம் சொல்கிறது என்று வழக்குப் போட்டார். 2021இல் உயர் நீதிமன்றத்திலும் 2022இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். அவர் மனம் புண்படுவதை நீதிபதிகள் மறுக்கவில்லை. அந்த உணர்வு மட்டுமே அவருடைய உரிமையைச் சட்டம் பறித்ததற்குச் சான்றாகாது என்றார்கள். சட்டத்தின் அளவில் அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் உங்கள் தம்பியை வைத்துப் பார்த்தால், சரியான தீர்ப்பு போதவில்லை என்பதும் தெரிகிறது.

என் அனுபவத்தில் எனக்குப் பிடிபட்டது இது. கலைப்பது என்ற ஒரே செயலுக்குள் இரண்டு வெவ்வேறு வாக்கியங்கள் இருக்க முடியும். ‘இப்படிப்பட்டவர்கள் இருக்கக் கூடாது’ என்பது ஒன்று. ‘இந்தப் பொறுப்பை இப்போது என்னால் ஏற்க முடியாது’ என்பது இன்னொன்று. முதலாவது உங்கள் தம்பியைப் பற்றியது. இரண்டாவது உங்களைப் பற்றியது. 29 ஆண்டுகளாகப் பக்கத்தில் வாழ்ந்து, வாயில் ஊட்டி, அவர் பூட்டை இழுக்கும் சத்தத்தைக் கேட்டுத் தூங்கிய ஒருத்தி இரண்டாவதைச் சொன்னால், அதில் முதலாவது ஒளிந்திருக்கிறது என்று சந்தேகிக்க எனக்கு மனம் வராது. அந்த வாழ்க்கையின் சுமை, சுகம் இரண்டும் தெரிந்தே சொல்கிறீர்கள். தெரியாதவர் சொல்வதைவிட அதற்கு எடை அதிகம்.

உங்கள் கணவர் சொன்னது வேறு. ‘இன்னொரு உன் தம்பி’ என்றபோது அவர் கருவைப் பற்றிப் பேசவில்லை. உயிரோடு இருக்கும் ஒருவரைக் குறையின் அளவுகோலாக்கிவிட்டார். பயத்தில் வந்த பேச்சாக இருக்கலாம், நல்லவர் என்கிறீர்கள், நம்புகிறேன். இருந்தாலும் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். எந்த முடிவு எடுத்தாலும் அந்த வாக்கியத்தின் மேல் நின்று எடுக்காதீர்கள். கலைத்தாலும் அது உறுத்தும். பெற்றுக்கொண்டால் இன்னும் அதிகம் உறுத்தும்.

கரு எப்போது ஆளாகிறது என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் ‘கரு’ என்றும் அடுத்த வரியில் ‘குழந்தை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். காது குத்தல் பற்றி எழுதும்போது குழந்தை, கலைப்பதைப் பற்றி எழுதும்போது கரு. அது பிழையல்ல. உலகமே அப்படித்தான் தடுமாறுகிறது. கருவுற்ற கணமே முழு மனித உயிர் என்பவர்கள் இருக்கிறார்கள்; அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன், என்னுடையது அதுவல்ல. நம் சட்டமும் படிப்படியாகத்தான் போகிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே, வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு சட்டவிரோதமாகக் கலைத்தால் ஏழு ஆண்டு வரை, அதற்கு முன் என்றால் மூன்று ஆண்டு வரை என்று பிரித்தது. அதற்குப் பதில் வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே பிரிவினை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், தகப்பன் இறக்கும்போது வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் சொத்தில் பங்கு உண்டு. ஆனால் உயிரோடு பிறந்தால்தான். சட்டத்தை விடுங்கள், நம் வீடுகளில் வளையல் அடுக்குவது ஏழாம் மாதத்தில்தானே. இரண்டாம் மாதத்தில் கலைந்தால் ‘நிற்கவில்லை’ என்கிறோம், எட்டாம் மாதத்தில் போனால் ‘குழந்தை போய்விட்டது’ என்று அழுகிறோம். பாட்டிமார்கள் தத்துவம் படிக்காமலே இந்த வித்தியாசத்தை வார்த்தையில் வைத்திருந்தார்கள்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. முதல் கர்ப்பத்தில் அசைவு தெரிவது 18லிருந்து 20 வாரத்துக்குள். முழு அறிக்கை கைக்கு வருவதும் ஏறக்குறைய அதே நாட்கள். வயிற்றுக்குள் மீன் துள்ளுவதுபோல் முதல் அசைவு வரும்போது நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாம். அதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். அதற்குமுன் முடிவு வேண்டும் என்று தோன்றினால் விரைவுச் சோதனை அதற்காகத்தான்.

இனி பெண் சிசுக் கேள்வி. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது நான் மருத்துவ மாணவி. அந்தத் தொட்டில்களைப் பார்த்த தலைமுறைக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல. பெண்ணாகப் பிறப்பதில் குழந்தைக்கு எந்த நோயும் இல்லை. வரதட்சணையும் வாரிசு ஆசையும் நம் நோய். அந்த நோய்க்குக் கருவைத் தண்டிக்கக் கூடாது என்றுதான் சட்டம் வந்தது. ஊனமுற்றோர் இயக்கத்தினர் கேட்பது: எங்கள் துன்பத்திலும் முக்கால் பங்கு நீங்கள் உண்டாக்கியதுதானே? சேர்க்காத பள்ளி, ஏற முடியாத பஸ், தராத வேலை. பிறகு எங்களுக்கு மட்டும் ஏன் அந்தச் சட்டம் இல்லை? முக்கால் பங்கு என்பதை நான் ஒப்ப மாட்டேன், ஆனால் பெரும்பங்கு உண்மை. மிச்சம் சமூகத்தால் வந்ததல்ல. டவுன் சிண்ட்ரோமில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இதயத்தில் குறை இருக்கும், தைராய்டு கோளாறு சகஜம், நடுவயதிலேயே மறதிநோய் எட்டிப்பார்க்கும். நாளைக்கே சமூகம் திருந்தினாலும் இவை இருக்கும். ஆகவே இரண்டும் ஒன்றல்ல. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்று சொல்லவும் முடியாது. டென்மார்க்கில் 2004 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை வாய்ப்பு உண்டு; இன்று அங்கே டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. ஒவ்வொரு தாயும் தானாகத்தான் முடிவெடுத்தார். ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் நடக்கும் தெருவில் எதிர்த்திசையில் நடப்பவரிடம், ஏன் என்று கேட்காமல் யாரும் விடுவதில்லை. அந்தத் தெரு இங்கேயும் உருவாகிவருகிறது. அதற்கு விடை ஒவ்வொரு கர்ப்பிணியின் கையையும் சட்டம் போட்டுக் கட்டுவது அல்ல என்பது என் கட்சி. இந்தக் கூடுதல் குரோமோசோமை 1959இல் உலகுக்குச் சொன்ன பிரெஞ்சு மருத்துவர் ழெரோம் லெழூன் என் கட்சி அல்ல. தன் கண்டுபிடிப்பு கருக்கலைப்புக்குப் பயன்படுவதைக் கடைசிவரை எதிர்த்தார். (அந்தக் கண்டுபிடிப்புக்குச் செல் வளர்த்துத் தந்த மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவரின் பெயர் பல காலம் பின்னால் தள்ளப்பட்டிருந்தது தனிக் கதை.)

மருத்துவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என்னிலிருந்தே தொடங்கி. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணிடம் இதே முடிவைச் சொல்லிவிட்டு, மூச்சுவிடாமல் ‘என்றைக்கு அட்மிட் ஆகிறீர்கள்?’ என்று கேட்டேன். அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். பிறகு, ‘நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே டாக்டர்’ என்றார். உங்கள் மருத்துவர் அப்படிக் கேட்டால் அதே பதிலைச் சொல்லுங்கள்.

கணவர் சொல்லும் ‘ஒரு நாள் வேலை’ எப்படிப்பட்டது என்று அவருக்கும் தெரிய வேண்டும். இந்த வாரங்களில் அது ஒரு மாத்திரையோடு முடிவதில்லை. மாத்திரை கொடுத்து வலி வரவழைத்து, பிரசவம் போலவே நடக்கும். பால் சுரக்கலாம். அதற்கும் மருந்து உண்டு, ஆனால் முன்பே தெரியாதவர்கள் அந்த மூன்றாம் நாளில் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அவசரமும் இல்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், கருவில் கடுமையான குறை உள்ள நிலையில் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். ஆக, விரைவுச் சோதனைக்கும், விரும்பினால் பத்தொன்பதாவது வார ஸ்கேனுக்கும், கருவின் இதயத்தைப் பார்க்கும் எக்கோவுக்கும் நேரம் இருக்கிறது. அந்த எக்கோவைத் தவறவிடாதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படும் இதயமா, சாதாரண இதயமா என்பது முடிவை எந்தப் பக்கமும் சாய்க்கலாம்.

சம்மதப் படிவத்தில் ஒரே ஒரு கையெழுத்துத்தான் சட்டம் கேட்கிறது. உங்களுடையது. கணவர் கையெழுத்து வேண்டும் என்று பல மருத்துவமனைகளில் கேட்பது வழக்கம், சட்டம் அல்ல. கலைக்கவும் சரி, கலைக்காமல் இருக்கவும் சரி.

பெற்றுக்கொண்டால்? உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் அம்மா தம்பியை வளர்த்த காலம் வேறு. அமெரிக்காவில் 1983இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25. இப்போது 60ஐ ஒட்டி வந்துவிட்டது. குழந்தைப் பருவத்திலேயே இதய அறுவை சிகிச்சை செய்ய முடிவதுதான் பெரிய காரணம். நீண்ட ஆயுள் என்றால் நமக்குப் பிறகும் வாழ்வார்கள் என்று பொருள். உங்கள் கடைசிக் கேள்விக்கு இனிப்பான பதில் என்னிடம் இல்லை. செய்ய வேண்டிய வேலைதான் இருக்கிறது, அதுவும் இந்தக் கர்ப்பம் எப்படி முடிந்தாலும் தம்பிக்காகச் செய்ய வேண்டியது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் அவருக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கக் கேட்கலாம். பெற்றோர் இருக்கும்போதே கேளுங்கள். அதே அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். தேசிய அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. அக்கா என்பதால் மட்டும் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில் என்று யார் எழுதிவைத்தார்கள்? சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பத்தையும் ஒருமுறை உட்கார வைத்துப் பேசுங்கள். அந்தப் பேச்சு நடக்காமலே இத்தனை ஆண்டு ஓடியிருக்கிறது என்று உங்கள் குரலிலேயே தெரிந்தது.

நான் எதைச் செய்யச் சொல்கிறேன் என்று தொலைபேசியில் இரண்டு முறை கேட்டீர்கள். சொல்ல மாட்டேன். தட்டிக்கழிப்பதாக நினைக்காதீர்கள். இரண்டு முடிவோடும் நிம்மதியாக வாழும் பெண்களை எனக்குத் தெரியும். நிம்மதி இல்லாதவர்களையும் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் யாரோ சொன்னதற்காகச் செய்தவர்கள்.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று தொலைபேசியில் கேட்டதற்கு மட்டும் திட்டமாகச் சொல்கிறேன். கர்ப்பம் தொடர்ந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர் மடியைத் தயாராக வைத்திருப்பார். கலைத்தால், வேறு யாரும் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். ‘சாமி எடுத்துக்கொண்டது’, ‘தூங்கிவிட்டது’ என்றெல்லாம் வேண்டாம். பிறகு அவர் தூங்கவே பயப்படுவார். ‘வயிற்றில் இருந்த பாப்பா இனி வராது. அக்காவுக்கு வருத்தமாக இருக்கிறது. உன்மேல் தப்பு இல்லை.’ இவ்வளவு போதும். காரணத்தை அவர் கேட்டால் அவருக்குப் புரியும் அளவுக்கு, பொய் இல்லாமல். மறுநாள் அதே கேள்வியைக் கேட்பார், அடுத்த வாரமும் கேட்பார். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர் அல்லவா? ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளில் பதில் சொல்லுங்கள்.